நெய்வேலியில் ஏன் வைரம் இல்லை?

கேள்வி, ஜூன் 4

நிலக்கரி பூமிக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்திக் கிடந்தால் வைரமாகிவிடும் என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். கரி, வைரம் இரண்டும் கார்பன்தான் என்பதும் தெரியும். நெய்வேலியில் அவ்வளவு கரி இருக்கிறதே, ஒரு வைரம்கூடக் கிடைத்ததாக ஏன் கேள்விப்படவில்லை? இன்னும் ஆழமாகத் தோண்டினால் கிடைக்குமா?

ஜூன் 4, இரவு 9:10

கிடைக்காது. எவ்வளவு ஆழம் தோண்டினாலும் கிடைக்காது. இரண்டும் ஒரே தனிமம் என்பது சரி. ஒன்று முற்றி மற்றொன்றாகிறது என்பதுதான் தவறு. பிஞ்சு காயாகிக் காய் பழமாவது போலக் கரி வைரமாவதில்லை.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு வயது சில கோடி ஆண்டுகள். மேலே கிடக்கும் ஐம்பது, நூறு மீட்டர் மண்ணை அகற்றினால் தென்பட்டுவிடும். வெட்டி எடுக்கும்போது அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். வைரம் உருவாவதோ 150 கிலோமீட்டருக்கும் கீழே. அங்கே அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல 45,000 மடங்குக்கு மேல், வெப்பம் ஆயிரம் டிகிரியை ஒட்டி இருக்கும்.

வயதையும் பாருங்கள். இயற்கை வைரங்களில் பெரும்பாலானவை நூறு கோடி முதல் முந்நூறு கோடி ஆண்டுகள் பழையவை. நிலத்தில் செடி முளைக்கத் தொடங்கியே ஐம்பது கோடி ஆண்டுகள் ஆகவில்லை. மரமே இல்லாத காலத்தில் நிலக்கரி ஏது? நிலக்கரிதான் வைரத்துக்குத் தாத்தா என்றால், பேரன் பிறந்து பல கோடி வருடம் கழித்துத் தாத்தா பிறந்த கதையாகிவிடும்.

ஜூன் 4, இரவு 9:35

ஒன்று விட்டுப்போயிற்று. அவ்வளவு ஆழத்தில் இருப்பது மேலே எப்படி வந்தது? எரிமலைக் குழாய் வழியாகத்தான். கிம்பர்லைட் போன்ற பாறைக்குழம்பு கீழிருந்து வேகமாகச் சீறிக்கொண்டு வந்தபோது வழியில் இருந்த வைரத்தையும் வாரிக்கொண்டு வந்தது. நிதானமாக வந்திருந்தால் சூடு ஆறுவதற்குள், அழுத்தம் குறைந்த இடத்தில், வைரம் கிராஃபைட்டாக, அதாவது பென்சில் முனையில் இருக்கும் கறுப்புக் கார்பனாக, மாறியிருக்கும். மத்தியப் பிரதேசத்துப் பன்னாவிலும் ஆந்திரத்து அனந்தபூர் பக்கம் வஜ்ரகரூரிலும் அப்படிப்பட்ட குழாய்கள் உண்டு. கர்நூல் பக்கம் மழை பெய்து விட்டதும் ஜனங்கள் நிலத்தில் குனிந்து கல் தேடுவது இதனால்தான். கோல்கொண்டா வைரம் என்கிறோமே, அது கோட்டையில் தோண்டியது இல்லை. கிருஷ்ணா ஆற்றங்கரையில் கொல்லூர் போன்ற இடங்களில் சரளை மண்ணைச் சலித்து எடுத்தது. கோல்கொண்டா அதன் சந்தை.

நெய்வேலிக்குக் கீழே அப்படி ஒரு குழாய் இல்லை. அவ்வளவுதான் பதில்.

ஜூன் 5, காலை 6:20

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன், ஆனால் ராத்திரி முழுக்க இதே நினைப்பு. எனக்குக் கார்பன் முதலில் அறிமுகமானது புத்தகத்தில் இல்லை, மூட்டத்தில். எங்கள் ஊர் முதுகுளத்தூர் பக்கம். அப்பா கரிமூட்டம் போடுவார். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் இலைதழையும் பரப்பி, மேலே ஈரமண் பூசி, அடியில் காற்றுக்கு ஓட்டைகள் விட்டுத் தீ வைப்பார். முதலில் வரும் வெள்ளைப் புகை கனமாக இருக்கும். அதில் பாதி தண்ணீர் ஆவி. அப்புறம் கண்ணைக் கரிக்கும் மஞ்சள் புகை. கடைசியில் புகை மெலிந்து நீலமாகும். அதைப் பார்த்ததும் ஒவ்வோர் ஓட்டையாக அடைத்துக்கொண்டே வருவார்.

நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி தேறினால் நல்ல மூட்டம். மற்றதெல்லாம் புகையாகப் போய்விடும். கார்பன் மட்டும் ஏன் தங்குகிறது? சூட்டுக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. இரும்பு 1,538 டிகிரியில் உருகிவிடும். கார்பனோ சாதாரணக் காற்றழுத்தத்தில் உருகுவதே இல்லை. 3,600 டிகிரிக்கு மேல் போனால் திடப்பொருளிலிருந்து நேரே ஆவியாகும். மூட்டத்தின் சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

காற்றுக்கு மட்டும்தான் அது பயப்படும். நான் ஏழாவது படித்தபோது ஒரு மூட்டத்தில் பூசிய மண் காய்ந்து வெடித்துவிட்டது. இரவில் யாரும் கவனிக்கவில்லை. விடிந்து பார்த்தால் மூட்டம் பாதியாக உட்கார்ந்திருந்தது, உள்ளே சாம்பல். பத்து நாள் உழைப்பு. அப்பா ஒன்றும் பேசவில்லை, மண்வெட்டியை எடுத்துச் சாம்பலைத் தள்ளத் தொடங்கினார். கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பிறகு பாடத்தில் வந்தபோது எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வந்தது.

ஜூன் 5, மதியம் 1:40

“ஒரே அணு என்றால் குணம் மட்டும் ஏன் இப்படி வானமும் பூமியுமாக?” என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி.

கார்பனின் அணு எண் 6. ஆறு எலக்ட்ரானில் இரண்டு உள்ளே, நான்கு வெளியே. அந்த நான்கையும் கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு கையாலும் நான்கு அண்டை அணுக்களைப் பிடித்திருக்கிறது, நாலா பக்கமும் ஒரே சீராக. எந்தப் பக்கம் தள்ளினாலும் பிடி விடாது, அதனால் கடினம். சும்மா இருக்கும் எலக்ட்ரான் ஒன்றும் இல்லை, அதனால் மின்சாரம் கடத்தாது.

கிராஃபைட்டில் மூன்று கையால் மட்டும் பிடித்து அறுகோணம் அறுகோணமாக ஒரு தளம் அமைகிறது, தேன்கூடு மாதிரி. நாலாவது எலக்ட்ரான் தளம் முழுக்க உலாவும். மின்சாரம் போவது அதனால். தளத்துக்குள் பிடி மிக உறுதி, வைரத்தில் இருப்பதைவிட நெருக்கம்: கிராஃபைட்டில் அணுவுக்கு அணு 142 பிக்கோமீட்டர், வைரத்தில் 154. ஆனால் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 335. அங்கே பிடிமானம் மெலிசு. பென்சிலால் எழுதும்போது தாளில் ஒட்டுவது இந்தத் தளங்கள்தான், அப்பளக் கட்டிலிருந்து அப்பளம் நழுவுவது போல.

கரி? அது கிராஃபைட்டின் துண்டு துணுக்குகளைக் கன்னாபின்னாவென்று கொட்டியது போன்ற அமைப்பு. நடுவே ஏகப்பட்ட பொந்துகள், அதனால் தண்ணீரில் மிதக்கும். தன்மையில் கிராஃபைட்டுக்கு உறவு என்பதால் கரியும் மின்சாரம் கடத்தும்.

ஜூன் 6, காலை 7:05

இலங்கையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: அங்கே பாடநூலில் காபன் என்றும் கிராஃபைட்டைப் பென்சிற்கரி என்றும் படித்தாராம், சுரங்கத்தை மட்டும் காரீயச் சுரங்கம் என்பார்களாம். பென்சிற்கரி! இவ்வளவு பொருத்தமான சொல்லை இத்தனை நாள் பயன்படுத்தாமல் இருந்திருக்கிறேனே.

காரீயம் என்ற பெயர்தான் குழப்பம். தமிழ்நாட்டில் காரீயம் என்றால் ஈய உலோகம். பென்சில் முனையைக் கடித்தால் என் அம்மா “ஈயம்டா, விஷம்டா” என்று கையில் அடிப்பார். ஐரோப்பாவிலும் இதே குழப்பம் இருந்தது. அதை ஒருவகை ஈயம் என்றே நம்பினார்கள். 1779இல் ஷீலே என்ற ஸ்வீடன் வேதியியலர்தான் அது கார்பன் என்று காட்டினார். ஆக, பென்சிலைக் கடிக்கும் பிள்ளையின் வாயில் ஈயம் போவதில்லை.

இலங்கையில் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைப்பது பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாகப் படிந்தது. வெட்டி எடுக்கும்போதே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கார்பன். உலகத்தில் இந்த வகையை வணிக அளவில் எடுப்பது அங்கே மட்டும்தான் என்றே சொல்லலாம். நம் சிவகங்கையிலும் கிராஃபைட் உண்டு. அது செதில் வகை. பாறையோடு பாறையாகக் கலந்திருக்கும். நூற்றில் சுமார் 14 பங்குதான் கார்பன், அரைத்துப் பிரித்தெடுக்க வேண்டும்.

முதல் கேள்விக்கு இதில் பாதி பதில் இருக்கிறது. நெய்வேலியில் கிடப்பது போன்ற கரி பூமிக்குள் நன்றாக அமுங்கி வெந்தால் வைரம் ஆகாது, சிவகங்கை ஆகும்.

ஜூன் 6, இரவு 10:15

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். பென்சில் முனை முழுக்கக் கிராஃபைட் என்பது போல் எழுதிவிட்டேன். கிராஃபைட் தூளோடு களிமண்ணைக் கலந்து சூளையில் சுட்டதுதான் முனை. 1795இல் பிரான்சில் கோன்டே கண்டுபிடித்த முறை இது. களிமண் கூடினால் கடினம், எழுத்து வெளிறும். கிராஃபைட் கூடினால் மென்மை, எழுத்து கறுக்கும். பள்ளியில் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுவேன்: பென்சிலை இருபுறமும் சீவி, நான்கு செல் கோத்து, டார்ச் பல்பு இணைத்தால் மங்கலாக எரியும். தீர்ந்துபோன பழைய பேட்டரியின் நடுவில் இருக்கும் கறுப்புக் குச்சியை வைத்தால் பளிச்சென்று எரியும்.

ஜூன் 7, இரவு 8:50

“வைரத்தை எரித்துப் பார்த்தவர் உண்டா?” உண்டு. 1772இல் பாரிசில் லவாய்சியர் பெரிய கண்ணாடி வில்லையால் சூரிய வெளிச்சத்தைக் குவித்து வைரத்தை எரித்தார். வைரம் காணாமல் போனது, மூடிய கலத்தில் கரியமில வாயு மிஞ்சியது. 1797இல் இங்கிலாந்தில் டென்னன்ட் இன்னும் கறாராகச் செய்தார். ஒரே எடை வைரமும் கரியும் ஒரே அளவு கரியமில வாயுவைத் தந்தன. வைரம் என்பது கார்பன் மட்டுமே என்பது அதோடு முடிவானது.

இதைக் கணக்காகப் போட்டால் எனக்கு எப்போதும் மனம் நெகிழும். ஒரு கேரட் என்பது 0.2 கிராம். 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு. ஆக ஒரு கேரட் எரிந்தால் முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மனிதர் நாளெல்லாம் மூச்சில் விடும் கரியமில வாயு ஏறக்குறைய ஒரு கிலோ. அதாவது ஒரு நிமிடம் மூச்சுவிட்டால் ஒரு கேரட் வைரத்தில் இருக்கும் அளவு கார்பன் நம்மிடமிருந்து வெளியே போய்விடுகிறது. நேற்றுச் சாப்பிட்ட சோற்றிலிருந்து வந்த கார்பன் அது.

நகை ஆசாரி ஒருவர் எனக்குப் பழக்கம். வைரம் பதித்த மோதிரத்தைப் பற்றவைக்க வந்தால் கல்லைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஊதுவார். “சூடு பட்டா மேல மூடாப்பு விழுந்துரும் சார்” என்பார். அந்த மூடாப்பு, மேற்பரப்பு லேசாக எரிந்ததன் அடையாளம். காற்றில் ஏழெட்டு நூறு டிகிரி போதும்.

ஜூன் 8, மாலை 5:30

இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். ஜூன் 6 காலையில் நெய்வேலிக் கரி வெந்தால் சிவகங்கை ஆகும் என்று எழுதினேன். போகும் திசை சரி. ஆனால் சிவகங்கைக் கிராஃபைட் மரத்திலிருந்து வந்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பாறைகள் உள்ளே வெந்து உருமாறியது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அப்போது மரம் கிடையாது. இந்த மாதிரிச் செதில் கிராஃபைட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், பழங்கடலின் அடிச்சேற்றில் புதைந்த நுண்ணுயிர்களின் மிச்சம் என்பது.

இன்னொன்று, முதல் நாள் எழுதியதிலேயே. வைரத்துக்கும் உயிர்களுக்கும் தொடர்பே இல்லை என்ற தொனியில் எழுதிவிட்டேன். அது அதிகப்படி. இயற்கைக் கார்பனில் நூற்றுக்கு 98.9 பங்கு கார்பன்-12, மீதி 1.1 பங்கு அதைவிடச் சற்றுக் கனமான கார்பன்-13. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் லேசான 12ஐத்தான் அதிகம் எடுத்துக்கொள்ளும். சில வைரங்களிலும் இந்த லேசான சாய்வு தெரிகிறது. கடல்தரை பூமிக்குள் செருகிப் போகும்போது மேலிருந்த உயிர்க்கார்பனும் கூடவே போயிருக்கலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. விவாதம் முடியவில்லை. ஆகவே நிலக்கரிப் படுகை வைரமானதில்லை என்பதில் மாற்றமில்லை. ஏதோ ஒரு பழைய பாசியின் கார்பன் ஏதோ ஒரு வைரத்தில் இருக்கவே முடியாது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

ஜூன் 8, மாலை 5:45

கிராஃபைட் நேரே வைரமானதற்கு ஓரிடத்தில் சாட்சி இருக்கிறது. சைபீரியாவின் போபிகாய் பள்ளம். சுமார் மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு விண்கல் விழுந்து, பாறையில் இருந்த கிராஃபைட் அந்த ஒரே அடியில் வைரமானது. பொடிப் பொடியாக, நகைக்கு ஆகாத வைரம்.

ஜூன் 9, காலை 6:10

குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைப்பது பற்றி ஒருவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். காற்று போதாமல் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாடை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மலைப்பக்கம் சுற்றுலா போய் அடைத்த அறையில் அடுப்பை வைத்துத் தூங்கி எழாமலே போனவர்கள் உண்டு. புகை இல்லாத தணல்தான் மிக ஆபத்தானது, ஏனென்றால் அதைப் பார்த்தால் பயமே வராது.

ஜூன் 11, இரவு 9:00

விமானப் பராமரிப்பில் இருந்த பெரியவர் ஒருவர் என் அப்பள உவமையைத் திருத்தியிருக்கிறார், நன்றி ஐயா. தளங்கள் தானாக வழுக்குவதில்லை. இடுக்கில் காற்றின் ஈரமும் ஒட்டியிருந்தால்தான் நன்றாக வழுக்கும். இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டரில், சுழலும் பாகத்தோடு உரசி மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்கள் மளமளவென்று தேய்ந்துபோனது அதனால்தான். மேலே ஈரம் இல்லை. அப்பளம் காய்ந்தால் உடையும் என்று சேர்த்துக்கொள்கிறேன்.

அப்புறம், கரி மின்சாரம் கடத்தும் என்று நான் சொன்னதைக் கமுதியிலிருந்து ஒரு தங்கை செய்து பார்த்தாராம். மூட்டத்துக் கரித்துண்டில் பல்பு எரியவே இல்லை. நான் செய்து பார்க்காமல் எழுதியது அது. பார்த்துவிட்டு வருகிறேன்.

ஜூன் 12, மதியம் 2:20

அதற்குள் செயற்கை வைரம் பற்றிக் கேள்வி. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் கார்பனை வைரமாக்கிவிட்டார்கள். அழுத்தமும் சூடும் மட்டும் போதவில்லை, உருகிய உலோகமும் வேண்டியிருந்தது. கார்பன் அதில் சர்க்கரை மாதிரிக் கரைந்து, வைரமாகப் படிந்து வெளியே வரும். இப்போது சூரத்தில் வேறு வழியிலும் செய்கிறார்கள்: கிட்டத்தட்ட வெற்றிடமான கலத்தில் மீத்தேன் வாயுவைச் சூடாக்கி அணு அணுவாகப் படியவிடுவது. 2023இல் சென்னை ஐ.ஐ.டி.க்கும் இந்த ஆய்வுக்கு மத்திய அரசு பணம் ஒதுக்கியது. சாண எரிவாயுவில் இருப்பதும் அதே மீத்தேன்தான்.

ஜூன் 14, காலை 7:30

மூட்டக்காரர்கள் வாயிலும் வைரம் என்ற சொல் உண்டு, தெரியுமா? மரத்தின் நடுவே முற்றிய பகுதிக்கு வைரம் என்று பெயர். “வைரம் பாய்ஞ்ச கட்டையா பார்த்து அடியில போடு” என்பார் அப்பா. அந்தக் கட்டையிலும் தூரிலும் விழும் கரி கனமாக, தட்டினால் கணீரென்று ஒலிக்கும். இஸ்திரி போடுபவர் கேட்டு வாங்குவார். ஆக, எங்கள் ஊரில் வைரம் கரியாவதுண்டு. தலைகீழாக மட்டும் நடக்காது.

கரி மக்காது என்பதும் பெரிய விஷயம். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியைக் கி.மு. 580 என்று சொன்னது கார்பன்-14 கணக்கு. இது தானாகச் சிதையும் ஒரு கார்பன் வகை. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து அதற்குள் வந்துகொண்டே இருக்கும். செத்தபின் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். ஐம்பதாயிரம் ஆண்டு தாண்டினால் அளக்க மிஞ்சாது. நெய்வேலிக் கரியை இந்த முறையில் காலம் பார்க்க முடியாது.

ஜூன் 18, இரவு 8:15

செய்து பார்த்துவிட்டேன். ஊருக்குப் போய் மூட்டத்திலிருந்து மூன்று துண்டு வாங்கி வந்தேன், ஒரே கட்டையில் உடைத்தது. மல்டிமீட்டரை வைத்தால் முள் அசையவில்லை. கமுதித் தங்கை சொன்னதுதான் சரி. மூட்டத்தின் ஓரத்தில் சூடு நானூறு, ஐந்நூறு டிகிரிதான் ஏறும். அந்தக் கரியில் இன்னும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒட்டிக்கொண்டிருக்கும். அறுகோணத் தளங்கள் சின்னச் சின்னதாகத் தனித்தனியே கிடக்கும். எலக்ட்ரான் தாண்டிப் போக வழி இல்லை.

இரண்டாவது துண்டைக் கரித்தூளுக்குள் புதைத்து, இரும்பு டப்பாவில் மூடி, கொல்லுப்பட்டறை உலையில் ஒரு மணி நேரம் வைக்கச் சொன்னேன். டப்பா ஆரஞ்சு நிறத்துக்குப் பழுத்தது. மறுநாள் வரை ஆறவிட்டு எடுத்தால் துண்டு கொஞ்சம் சுருங்கியிருந்தது, தட்டினால் கண்ணாடிச் சத்தம். மீட்டரில் 12 ஓம். டார்ச் பல்பு எரிந்தது.

மூன்றாவது துண்டு பத்திரமாக இருக்கிறது. பள்ளி திறந்ததும் பிள்ளைகள் முன்னால் உலையில் வைப்பதற்கு.